பழியில் ஒரு பங்கு

பழிபகுப்பியின் திரையில் குணவதியின் பெயருக்கு எதிரே நாற்பத்தோரு விழுக்காடு என்று வந்திருந்தது. மெடிக்கல் கடையின் பூட்டை உடைத்து, காவலாளியின் கையை முறித்து, வலி மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய லாசருக்கு இருபத்திரண்டுதான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். அதே எண்கள்தான் இருந்தன.

லாசரின் குடிகார அப்பாவுக்குப் பதினெட்டு. அவர் செத்து வெகுகாலம் ஆகிறது. தொழிற்பயிற்சியைப் பாதியில் நிறுத்திய நலத்துறைக்குப் பத்தொன்பது. ஒரு துறையைப் பிடித்து எந்தச் சிறையில் அடைப்பது? அந்த இரண்டும் தள்ளுபடி. மூன்று வருடத் தண்டனையில் லாசருக்கு எட்டு மாதம். அவனைத் திருத்த நான்கு வருடம் அலைந்த குணவதிக்குப் பதினைந்து மாதம்.

குற்றம் ஒரு கையால் நடப்பதில்லை, பின்னால் நூறு கைகள் தள்ளுகின்றன, தள்ளிய ஒவ்வொருவரும் தன் பங்கைச் சுமக்கட்டும் என்பது பேராசிரியர் வைகுந்தனின் ஆய்வு. அதைச் சட்டமாக்கக் கோரி வெயிலில் நின்று கையெழுத்து வாங்கியவர்களில் குணவதியும் ஒருத்தி. ஏழையை மட்டும் உள்ளே தள்ளும் அநியாயம் ஒழியும் என்று மனதார நம்பினாள். சட்டமும் வந்தது, கருவியும் வந்தது. தொலைபேசி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று எங்கே பதிவு இருந்தாலும் பழிபகுப்பி அதை வாங்கிப் படித்து, யார் எவ்வளவு தள்ளினார்கள் என்று கணக்குப் போடும். பதிவில் இல்லாததை அது அறியாது. லாசருக்கு மாத்திரை விற்றவன் புத்திசாலி, எதையும் எழுதி வைக்கவில்லை. அவன் பங்கு பூஜ்யம்.

குணவதி எழுதி வைத்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் மறுகரை போதை மீட்பு மையத்தில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளியைப் பார்த்துவிட்டு வந்ததும் பணியாளர் தன்னாய்வேட்டில் எழுத வேண்டும். அவன் செய்த தப்பை அல்ல, தான் செய்த தப்பை. பழக்கிவிட்டவர் வைகுந்தன்தான். மற்றவர்கள் ஒப்புக்கு இரண்டு வரி கிறுக்கினார்கள். இவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

தண்டனை உத்தரவில் கையெழுத்தாக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் வைகுந்தன் நிபுணருக்கான அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"என் ஏடுங்கள இங்க யார் சார் குடுத்தது?"

"நான்தாம்மா. தரவு முழுசா இருந்தாதான் கருவி சரியா வேலை செய்யும்."

"நம்ம மையத்த விட்டு வெளிய போகாதுன்னு சொன்னீங்களே."

"அப்ப சட்டம் வரலையே," என்றார் அவர். "கேளு, நேரமில்ல. பகிர்வு மனு போடு. லாசரோட தங்கச்சி அவனுக்கு அப்பப்ப கைச்செலவுக்குக் குடுத்தத நீயே எழுதியிருக்க. அவளக் காட்டினா உனக்குப் பத்து குறையும்."

"ரெண்டு கைக்கொழந்தைய வச்சிருக்கா சார் அவ. என்னால முடியாது."

"அவனால முடிஞ்சுதே," என்றார். "முதல் கணக்குல அவனுக்கு முப்பத்தொம்பது, உனக்கு இருபத்துநாலு. காலையில அவன் மனு போட்டான். அந்தப் பதினேழு உன் பக்கம் வந்துருச்சு."

மனுவைக் காட்டினார். அவள் எழுதிய வரியையே லாசர் எடுத்துக் கொடுத்திருந்தான். 'இன்று லாசர் மூன்று முறை அழைத்தான். எடுக்கவில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்பது சாக்கு. எனக்குச் சலித்துவிட்டது.' கீழே அவனுடைய வாக்குமூலம்: அக்கா எடுத்திருந்தால் நான் கடைக்குப் போயிருக்க மாட்டேன்.

நான்கு வருடத்தில் அவன் அழைத்து அவள் எடுத்தவை ஆயிரத்துக்கு மேல் இருக்கும். எடுத்ததை யாரும் ஏட்டில் எழுதச் சொல்லவில்லை. நம்பிய இருவருமே தன்னை விற்றுவிட்டார்கள் என்பது உறைத்தபோது அழுகைகூட வரவில்லை.

"உங்க பேரு பட்டியல்லயே இல்லையே சார்."

"நான் அவனப் பார்த்ததே இல்லியேம்மா," என்றார் வைகுந்தன், கொஞ்சமும் கூசாமல்.

பதினைந்து மாதம். மகளுக்குப் பத்து வயது. யாரிடம் விடுவது? பக்கத்து வீட்டுக்காரி நேற்றே காவல் நிலையம் போய்த் தொடர்பறுப்பு சொல்லிவிட்டாள். ஒரு காவலர் முன்னால், 'இவருக்கும் எனக்கும் தொடர்பில்லை' என்று வாயால் சொன்னால் போதும், அதற்குப் பிறகு நடப்பது எதிலும் பங்கு வராது. ஊரில் பாதிப் பேர் இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மறுகரையில் வேலைக்கு ஆள் எடுத்து ஒரு வருடம் ஆகிறது, விண்ணப்பமே வருவதில்லை.

கையெழுத்தானதும் லாசரை அந்த வழியாகத்தான் கூட்டி வந்தார்கள். அவளைக் கண்டதும் நின்றுவிட்டான். காவலரின் சட்டைப்பையில் பேச்சைப் பதியும் கருவி பச்சையாக மினுங்கியது.

"வக்கீலு சொன்னாருக்கா, போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." காவலர் இழுத்தும் அவன் நகரவில்லை. "தங்கச்சியும் என்னை அறுத்துட்டாக்கா. எட்டு மாசம் கழிச்சு வெளிய வந்தா எனக்கு யாரும் கெடையாது. திரும்பவும் மாத்திரைக்குத்தான் போவேன், எனக்கே தெரியுது. உங்களுக்கு ஒரு லெட்டராவது போடட்டாக்கா?"

போடு என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது மகளின் முகம் நினைவுக்கு வந்தது. இவன் வெளியே வந்து அடுத்த பூட்டை உடைத்தால், அதிலும் தன் பெயருக்கு எதிரே ஓர் எண் விழும்.

அவள் லாசரைப் பார்க்கவில்லை. காவலரின் சட்டைப்பையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னாள்.

"இவருக்கும் எனக்கும் தொடர்பில்லை."