அப்புறம் என்றொரு நாய்

இறங்கும் வழியில், மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று அவள் மூச்சு வாங்கினாள். கையில் பழைய போர்வை, போர்வைக்குள் இருபத்தாறு கிலோ நாய். மணி காலை ஆறரை. வெளியே மழை... லிஃப்ட் நின்று இன்றோடு ஒன்பது நாள்.

நாய்க்கு ஒரு கவலையும் இல்லை. பல்லக்கில் போகிற மகாராஜா மாதிரி தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து ஒருவன் ஏறி வந்தான். நீலச் சட்டை, தோளில் கருவிப் பை. லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது நாள் கழித்து இப்போதுதான் வழி தெரிந்திருக்கிறது!

"மேடம், மேல மெஷின் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

அவள் வாயைத் திறப்பதற்குள், புது ஆளைக் கண்ட குஷியில் நாய் போர்வையிலிருந்து துள்ளப் பார்த்தது.

"அப்புறம்!" என்று கத்தினாள் அவள்.

அவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"அப்புறம்... அப்புறம்... சொன்னாக் கேக்கணும்!"

"சரிங்க மேடம்," என்று சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டான். அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. போர்வை நழுவாமல் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

அரைமணி நேரம் கழித்துத் தொப்பலாக நனைந்து, மூச்சிரைக்க ஏறி வந்தால்... அதே படியில் அவன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னுமா இங்கேயே இருக்கீங்க?"

"நீங்கதானே அப்புறம்னு சொன்னீங்க. அதுவும் மூணு தடவ... திட்டுற மாதிரி."

"அது நாயோட பேரு."

"எது?"

"அப்புறம்."

"பரவால்ல, இப்பவே சொல்லுங்களேன்..."

"ஐயோ! நாயோட பேரே அப்புறம்தாங்க!"

அவன் நாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்... சிரித்துவிட்டான். கண்ணாடிக் கடையில் ஒரு நாளைக்கு நாற்பது பேருடைய கண்களை விளக்கடித்துப் பார்ப்பவள் அவள். கண் என்றாலே அவளுக்கு அலுப்பு. ஆனால் இந்த இரண்டு கண்கள்... தூக்கம் கெட்ட கண்கள்தான், இருந்தும் சிரிக்கும்போது பளிச்சென்று மழையில் கழுவி வைத்தவை போல இருந்தன. சீ, என்ன பார்வை இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு."

"இன்னும் ஒரு மாடி இருக்கே... குடுங்க, நான் தூக்கறேன்."

"என் நாய். நானே தூக்கிக்கிறேன்."

ரோஷம் விறுவிறுவென்று படியேறியது. இடுப்புதான் பின்னாலேயே முனகிக்கொண்டு வந்தது.

உண்மையில் அது அவளுடைய நாயே இல்லை. அண்ணனுடையது. அண்ணனுக்கு எதற்கெடுத்தாலும் அப்புறம்தான். குட்டியைக் கொண்டுவந்த அன்று பேர் என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம் 'அப்புறம்... அப்புறம்...' என்றான். குட்டி அதற்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபோது, "ரெண்டே மாசம் பாத்துக்கோம்மா, அப்புறம் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான். மூன்று வருஷமாகிறது.

இந்த மூன்று வருஷத்தில் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஆறு மணிக்கு மேல் தூங்கியதில்லை. தோழியின் கல்யாணத்துக்குப் போய் ஓரிரவு தங்கியதில்லை. கறுப்பு உடைகளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள், எல்லாவற்றிலும் வெள்ளை முடி. நான்கு ஜோடிச் செருப்பில் வலதுகால் மட்டும் நாய் வாயில் போயிற்று. சம்பளம் வந்ததும் முதல் பங்கு தீவனத்துக்கும் மூட்டு மாத்திரைக்கும். போன மாதம் நாய் டாக்டர், "இதுக்கு இடுப்பு தேஞ்சுபோச்சு, இனிமே படி ஏறக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். லிஃப்டுக்கு அது எப்படித் தெரிந்ததோ, அடுத்த வாரமே படுத்துக்கொண்டது.

செவ்வாயும் புதனும் இப்படியே போயின. அவள் தூக்கிக்கொண்டு இறங்குவாள், அவன் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டிருப்பான்.

"எப்ப சரியாகும்?"

"ஒரு பாகம் வரணும் மேடம். பத்து நாளாவது ஆகும்."

"பத்து நாளா! அதுக்குள்ள எனக்கே புதுசா இடுப்பு மாத்தணும்."

"அந்த பாகமும் ஸ்டாக் இல்லீங்க..."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு இறங்கினாள். நாய்தான் அவனைப் பார்த்து வெட்கமில்லாமல் வாலாட்டியது.

புதன் சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். படியில் நின்றே பேசினாள்.

"ஒரு கிடங்குக்காரர் காவலுக்கு நாய் கேக்கறாரும்மா. சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு. சரின்னு சொல்லிடவா?"

"காவலா? அதால ரெண்டு படி ஏற முடியலண்ணா..."

"அப்ப நீயே பாத்துக்கறியா?"

கை வலித்தது, முதுகு வலித்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக இருப்பது வலித்தது.

"சரி... வரச் சொல்லு."

லிஃப்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்த ஸ்பேனர் சத்தம் நின்றுபோனது. அவன் கேட்டுவிட்டான்.

வியாழன் காலை இரண்டாவது மாடியில் அவள் முதுகு சுளுக்கிக்கொண்டது. நாயை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். கண்ணீர் தானாக வந்தது. நாய் அவள் முழங்கையை நக்கியது, அது இன்னும் மோசம். அவன் ஒன்றும் கேட்காமல் வந்து போர்வையின் ஒரு முனையைப் பிடித்தான். இந்த முறை ரோஷமும் வாயைத் திறக்கவில்லை. அவளும் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக இறங்கினார்கள். பாதி கனம்தான்... பாதி என்பது இவ்வளவு லேசா? நாய்க்கு மேலே இரண்டு பார்வைகள் சந்தித்தன, உடனே படியை எண்ணப் போய்விட்டன.

வாசலில் மழை ஓய்ந்திருந்தது.

"குடுத்துடாதீங்க மேடம்," என்றான் அவன் மெதுவாக.

அவளுக்குச் சுருக்கென்றது. "சொல்றது ஈஸி. ஒருநாள் ஒரு முனைய பிடிச்சுட்டு எல்லாரும் சொல்லலாம். நான் மூணு வருஷமா ரெண்டு முனையும் பிடிச்சிட்டிருக்கேன்!"

அவன் முகம் வாடிப்போனது. திரும்பி உள்ளே போனான்.

வெள்ளிக்கிழமை அவன் வரவே இல்லை. லிஃப்டுக்கு முன்னால் மஞ்சள் பட்டை மட்டும் தொங்கியது. போகட்டும், எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்தாள். அன்று கடையில் ஒரு பெரியவருக்கு வலது கண்ணுக்கு வைக்க வேண்டிய லென்ஸை இடது கண்ணுக்கு வைத்தாள். "உலகமே மங்கலா இருக்கும்மா" என்றார் அவர். எனக்கும்தான் ஐயா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஒன்பதரை. நாயின் தட்டு, மாத்திரை, கிழிந்த பந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். போர்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால்... லிஃப்டுக்கு மேலே சிவப்பு எண்கள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு... மூன்று... நான்கு.

கதவு திறந்தது. உள்ளே அவன். கையெல்லாம் கிரீஸ், கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பத்து நாள் ஆகும்னீங்க?"

"அவங்க அனுப்பினா பத்து நாள். நானே பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தா ஒருநாள்." தலையைக் குனிந்துகொண்டான். "லிஃப்ட் சரியாயிட்டா எனக்கு இங்க வர வேலையில்லங்க. தெரிஞ்சேதான் சீக்கிரம் முடிச்சேன்."

நாய் யாரையும் கேட்காமல் நொண்டி நொண்டி லிஃப்டுக்குள் போய் அவன் காலடியில் படுத்துக்கொண்டது.

அவள் போர்வையை மார்போடு சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "லிஃப்ட் ஓடினா போதுமா? முடி கொட்டாதா? மாத்திரை வாங்க வேணாமா? ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு யாரு எழுந்திருக்கறது? எனக்கு... எனக்கு ஒரே ஒருநாள் தூங்கணுங்க."

"முடி கொட்டும். மாத்திரையும் வாங்கணும். அதையெல்லாம் நான் சரி பண்ண முடியாது," என்றான் அவன். "ஆறு மணிக்கு நான் வரேன். நாளைக்கு மட்டும் இல்ல. எனக்கு உங்கள பிடிச்சிருக்கு."

அவள் போனை எடுத்தாள். "அண்ணா, அவர வர வேணாம்னு சொல்லிடு. ஆமா, நானே பாத்துக்கறேன். இனிமே இது என் நாய்." வைத்துவிட்டாள்.

அவன் காத்திருந்தான். "எனக்குப் பதில்...?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்..." என்றாள்.

நாய் எழுந்து அவளிடம் வந்தது. கூப்பிட்டது நாயையா, தள்ளி வைத்தது தன்னையா என்று தெரியாமல் அவன் விழித்தான். அவளும் சொல்லவில்லை.

ஞாயிறு சரியாக ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பாதிக் கண்ணைத் திறந்து, கதவிடுக்கில் நாயின் வாரை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு அவளுக்கு எதுவுமே தெரியாது.

விழித்தபோது மணி ஒன்பதேமுக்கால். பதறிப்போய் ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

மாடிப்படியில் அவன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். மடியில் தலைவைத்து நாய் குறட்டை விட்டது. அவனுடைய கறுப்புப் பேண்ட் முழுக்க வெள்ளை முடி.

"எப்ப திரும்பி வந்தீங்க?"

"ஆறே முக்காலுக்கு."

"மூணு மணி நேரமா! மணி அடிச்சு எழுப்பியிருக்கலாமே..."

"தூங்கணும்னு சொன்னீங்களே."

அவள் அவன் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். மூன்று வருஷத்துக் களைப்பு ஒரு தூக்கத்தில் போய்விடாது. ஆனாலும் தோள் இரண்டும் இறங்கியிருந்தன, சாய்ந்துகொள்ள இடம் தெரிந்த மாதிரி.

"எனக்கும் உங்கள பிடிச்சிருக்கு," என்றாள்.

அவன் திகைத்துத் திரும்பினான். "இப்பவே சொல்லிட்டீங்க...?"

"மெதுவாப் பேசுங்க. இன்னும் அப்புறம்னு சொன்னா இது எழுந்துடும், பாவம்..."

சொல்லி முடிப்பதற்குள் நாய் கண்ணைத் திறந்தது.