பெற்றவள் சொன்ன சாட்சி

"இன்னைக்கு ஒரு நாளாவது அவன் கண்ணுல படாம இரு... உனக்குப் புண்ணியமா போவும்!"

அடுப்படி வாசலில் நின்றபடி சவரிமுத்து சொன்னார். கோர்ட்டில் அவள் சாட்சி சொன்ன நாளிலிருந்து அவர் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயிலிலிருந்து மகன் பிரபு வருகிறான். மருமகள் மேரிசெல்வி விடியுமுன் எழுந்து கோழிக்குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் உரிக்கலாமென்று சாலம்மாள் கை நீட்டினாள். மேரிசெல்வி தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் அத்தை... நீங்க தொட்டத அவரு சாப்புடுவாரோ மாட்டாரோ! எதுக்கு வம்பு?"

"நான் உப்பளத்துக்குப் போறேன்மா. அவன் வந்து சாப்பிட்டு முடிச்சதும் சொல்லி அனுப்பு. தூரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன்..."

அம்மியின் சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமாயிற்று.

மெயின்ரோட்டில் பேனர் கட்டியிருந்தார்கள். 'சிறை மீண்ட சிங்கமே, வருக!' என்று பிரபுவின் படம் பெரிதாகச் சிரித்தது. எதிர்ப்பக்கம் வியாபாரிகள் வைத்த கறுப்பு பேனரில், 'எரித்துக் கொன்றவனுக்கு விடுதலையா?' என்று கேட்டிருந்தது. டீக்கடையில் அதே சண்டைதான். "நம்ம பசங்க கட்சிக்காகத்தானே ஜெயிலுக்குப் போனாங்க, வுட்டதுல என்ன தப்பு?" என்றார் ஒருவர். "உம்புள்ள செத்திருந்தா இப்படிப் பேசுவியா?" என்று இன்னொருவர் எகிறினார். சாலம்மாளைக் கண்டதும் இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டார்கள்.

கட்சித் தலைவரை போலீஸ் பிடித்துப் போன அன்றுதான் எல்லாம் நடந்தது. பக்கத்து ஊரான கூனிமேட்டில் ஷட்டரை இழுத்து மூடிய ஒரு செல்போன் கடைக்கு கும்பல் தீ வைத்தது. காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்த ஷஃபி என்ற பையன் வெளியே வரவே இல்லை. அன்று சாயங்காலம் புருவம் கருகி, பெட்ரோல் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்த பிரபு, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக் கதறினான். "உள்ள ஆளு இருந்தது தெரியாதும்மா... சத்தியமா தெரியாதும்மா!"

ஆனால் அவனோடு சேர்த்து போலீஸ் பிடித்துப் போனது வெற்றிச்செல்வனையும். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் மாரியம்மாளின் ஒரே மகன். தீ வைத்தது வெற்றிச்செல்வன்தான் என்று சாட்சி சொல்ல, கட்சிச் செயலாளர் ஆதிமூலம் ஆட்களைத் தயார் செய்திருந்தார். பிரபுவை வெளியே எடுக்க அது ஒன்றுதான் வழி என்றார். வீடே தலையாட்டியது. ஆனால் அன்று முழுக்க வெற்றிச்செல்வன் தன் பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்ததை சாலம்மாள் கண்ணால் பார்த்தவள்.

அவள் கூண்டில் ஏறினாள். "வெற்றி என்னோட உப்பளத்துல இருந்தாங்கய்யா... தீ வச்சது எம்மவன்."

ஊரான் பிள்ளைக்காகப் பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் பேசியது. வீடும் பேசியது. ஜெயிலுக்குப் பார்க்கப் போகும்போது அவளை யாரும் கூட்டிப் போகவில்லை. இப்போது மீதித் தண்டனையை சர்க்கார் தள்ளுபடி செய்துவிட்டது.

வெயில் ஏறிவிட்டது. பாத்தியில் பூத்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, வரப்போரக் குவியலில் கொட்டிக்கொண்டிருந்தாள் சாலம்மாள். ரோட்டிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. மாரியம்மாள் வந்து மெதுவாகத் தோளைத் தொட்டாள்.

"வந்துட்டான் போலக்குதுக்கா... போயி பாரேன்."

"வேணாம் மாரி. நல்ல நாளும் அதுவுமா, நான் எதுக்கு அவன் முன்னாடி?"

உப்பளம் வெட்டவெளி. ஒலிபெருக்கியை மறிக்க ஒரு மரம்கூடக் கிடையாது. ஆதிமூலம் அவள் மகனைப் புகழ்வது தெளிவாகக் கேட்டது. 'தியாகி' என்றார். கைத்தட்டல் எழுந்தது. அப்புறம்... அந்தக் குரல்! இத்தனை வருஷம் கழித்து அவள் பிள்ளையின் குரல்!

"எல்லாருக்கும் வணக்கங்க... மாலை போட்டீங்க, தியாகின்னீங்க. நான் தியாகி கிடையாதுங்க. அந்தக் கடையில பெட்ரோல ஊத்துனது நான்தான். உள்ள ஒரு பையன் காய்ச்சல்ல படுத்துனு இருந்தான்... தீ புடிச்சப்புறம் ஷட்டரைத் தட்டித் தட்டிக் கத்தினான்... நாங்க ஓடிட்டோம்!"

கூட்டம் சலசலத்தது.

"எங்கம்மா பொய் சொல்லலிங்க! ஒண்ணும் தெரியாத வெற்றிமேல பழி போடச் சொன்னது நாங்க. அதுக்குத் தலையாட்டினவன் நான். எங்கம்மா மட்டும் வாயத் தொறக்கலன்னா—"

"டேய், மைக்க புடுங்குங்கடா!" என்று ஆதிமூலம் கத்தியது கேட்டது. பிறகு ஒலிபெருக்கி செத்துப்போயிற்று.

சாலம்மாளின் கூடை சரிந்தது. உப்புக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மாரியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சற்று நேரத்தில் வரப்பில் ஓட்டமும் நடையுமாக பிரபு வந்தான். பின்னால் மேரிசெல்வி, அவளுக்கும் பின்னால் சவரிமுத்து. பிரபு மெலிந்திருந்தான். முன்நெற்றி முடியில் நரை. அம்மாவின் எதிரே வந்ததும் மண்டியிட்டான். வெடித்துக் கிடந்த அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஏம்மா ஒரு தடவகூட என்னைப் பாக்க வரல...?"

"கூட்டினு போவலடா சாமி... நீ என் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொன்னதா சொன்னாங்க..."

பிரபு திரும்பி மனைவியைப் பார்த்தான். மேரிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் அத்தை அப்படிச் சொன்னேன்... உங்கமேல இருந்த கோவத்துல! இவரு ஒவ்வொரு தடவையும் 'அம்மா வரலியா'ன்னு கேப்பாரு. உங்களுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன். பாவி நான்... பாவி!"

சாலம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்திரம் தொண்டைவரை வந்தது. ஆனால் புருஷன் இல்லாமல் இவளும் எத்தனை ராத்திரி தலையணையை நனைத்திருப்பாள் என்ற நினைப்பு அதற்கு மேல் வந்து நின்றது. ஒரு கையை நீட்டினாள். மேரிசெல்வி ஓடிவந்து அத்தையின் தோளில் விழுந்தாள்.

"வூட்டுக்கு வா, சாலம்மா..." சவரிமுத்துவின் குரல் உடைந்திருந்தது.

பிரபு தலையசைத்தான். "வூட்டுக்கு அப்புறம்பா. முதல்ல கூனிமேட்டுக்குப் போவணும். நீ என்கூட வர்றியாம்மா?"

ஷஃபியின் வீட்டு வாசலில், விடுதலையைக் கண்டித்துக் கறுப்புக்கொடி கட்டியிருந்தது. கதவைத் திறந்த ஷஃபியின் அம்மா உம்மு சல்மா, பிரபுவைக் கண்டதும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவனை எதுக்குக்கா இங்க கூட்டினு வந்தீங்க?"

பிரபு கைகூப்பினான். "மன்னிக்கச் சொல்லி வரலிங்கம்மா. நான்தான் செஞ்சேன். கோர்ட்ல இல்லன்னு சொன்னேன். உங்க முன்னாடி ஒத்துக்கணும்னு வந்தேன்..."

"நீ ஒத்துக்கிட்டா எம்புள்ள எழுந்து வந்துருவானா?" அவள் குரல் தெருவெல்லாம் கேட்டது. "உன்னை வுடும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? அவன் சாவுறப்ப அவனுக்குப் பத்தொம்பது வயசு! நான் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல. அத அல்லாகிட்ட வுட்டுட்டேன்... போ!"

பிரபு வாசலிலிருந்து இறங்கித் தெருவில் நின்றான். சாலம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா... நீங்க நில்லுங்க."

உம்மு சல்மா படியிறங்கி வந்தாள். "அன்னைக்கு கோர்ட் வாசல்ல நீங்க தனியா உக்காந்து அழுதுனு இருந்தீங்க. நான் பாத்தும் பேசாம போயிட்டேன். எனக்கு எம்புள்ள போன துக்கம்... நீங்களும் உங்க புள்ளைய இழந்துட்டுத்தான் உக்காந்திருக்கீங்கன்னு வூட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது. வாங்க, உள்ள வாங்க."

"நான் எந்த மூஞ்சிய வச்சுனு வருவேன் பாயம்மா...?"

"வாங்கக்கா!"

அவள் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் சாலம்மாள் அவள் மார்பிலேயே சாய்ந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு, நடைவாசலில் நின்றபடியே அழுதார்கள்.

தெருவில் நின்ற பிரபுவை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவனும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.