மஞ்சள் தாளும் காதுமூடியும்

ரூஃபஸ் காதுமூடியை மாட்டினால் தீ அலாரம் அடிக்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் தில்டா. போன பருவத்தில் ஒரு தடவை, இந்தப் பருவத்தில் ஒரு தடவை. இரண்டு முறையும் ரூஃபஸ் தன் பெரிய கறுப்புக் காதுமூடியை எடுத்து மாட்டினான். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடமே அதிர அலாரம் அலறியது. எல்லோரும் ஓடிப் போய் விளையாட்டு மைதானத்தில் வரிசையாக நின்றார்கள்.

"அவனுக்கு முன்னாடியே எப்படிடா தெரியுது?" என்று தில்டா கூடப் படிக்கும் டெக்லனிடம் விளையாட்டாகக் கேட்டு வைத்தாள். அவ்வளவுதான். மறுநாளே வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது முறை விளையாட்டாக முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை. பூகோள வகுப்பு. ரூஃபஸ் வகுப்பில் இல்லை. அவனுக்கு ஆட்டிசம். சத்தமும் கூட்டமும் தாங்க முடியாமல் போனால் 'கூடு' என்ற சின்ன அறைக்கு அவன் யாரிடமும் கேட்காமல் எழுந்து போகலாம். அன்றும் போயிருந்தான். டெக்லனும் இல்லை. அவன் உடற்பயிற்சி வகுப்பு முடிந்து உடை மாற்றப் போனவன், வழக்கம்போல இன்னும் வந்து சேரவில்லை.

திடீரென்று அலாரம்!

துவைட் சார் கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது. பையன்கள் முண்டியடித்தார்கள். தில்டா ஓடும்போது ரூஃபஸின் நாற்காலியில் தொங்கிய எதிலோ கால் சிக்கி, விழப் பார்த்தாள்.

மைதானத்தில் கடல் காற்று ஊசியாகக் குத்தியது. வட இங்கிலாந்துக் கடலோர ஊரான ஸ்கார்பரோவில் மார்ச் மாதம் என்றால் சும்மாவா? தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. தீ மட்டும் எங்கும் இல்லை.

"ரூஃபஸ்தான்! அடிச்சுச் சொல்றேன்," என்று டெக்லன் அவள் காதருகே வந்து கிசுகிசுத்தான். தில்டா அடுக்கடுக்காகத் தும்மினாள்.

அன்று மாலை தலைமை ஆசிரியை ஆஷ்வொர்த் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். "உடை மாத்துற அறைக்கும் கூட்டுக்கும் நடுவுல இருக்கிற தாழ்வாரத்துலதான் அலாரம் கிளம்பியிருக்கு. அங்க யாரோ ஏதோ செஞ்சிருக்கீங்க. உண்மையைச் சொல்ல வந்தா என் கதவு திறந்திருக்கும்."

கூட்டுக்குப் பக்கத்தில். வேறென்ன வேண்டும்? புதன்கிழமை காலைக்குள் ரூஃபஸுக்கு 'அலாரம்' என்று பெயர் வைத்தாயிற்று. சாப்பாட்டு அறையில் அவன் தட்டோடு வந்தாலே யாராவது சைரன் மாதிரி ஊளையிட்டார்கள்.

தில்டாவும் அவனைச் சந்தேகித்தாள். ஆனால் வெறும் சந்தேகம் அவளுக்குப் போதவில்லை. ஆதாரம் வேண்டும். வியாழக்கிழமை அவள் கண்ணை அவன் மீதிருந்து எடுக்கவே இல்லை.

பொலார்ட் மிஸ் உள்ளே வந்தார். பாடம் நடக்கும்போது ரூஃபஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு உதவுகிறவர் அவர். வந்ததும் அக்கம்பக்கம் பார்த்தார். பையிலிருந்து சின்ன மஞ்சள் தாள் ஒன்றை எடுத்து ரூஃபஸின் மேசை ஓரத்தில் ஒட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

தில்டாவின் முதுகு நிமிர்ந்தது. ரகசியச் செய்தி!

பென்சில் சீவப் போகிற சாக்கில் எழுந்து அந்தப் பக்கமாக நடந்தாள். எட்டிப் பார்த்தாள்.

தாளில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

வெறும் மஞ்சள். அதுதான் அவளை இன்னும் உறுத்தியது. எதுவுமே எழுதாத தாளை யாராவது ஒளித்துக் கொண்டுவந்து ஒட்டுவார்களா? அப்படியானால் மிஸ்ஸும் இதில் கூட்டா?

ரூஃபஸ் காதுமூடியை எடுத்து மாட்டினான்.

தில்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. துவைட் சாரின் தேநீர்க் கோப்பை காலியாக இருந்தது. எப்போதும் ஆணியில் தொங்கும் அவருடைய மேலங்கி இன்று அவர் நாற்காலி மீது தயாராகக் கிடந்தது.

அலாரம் அலறியது.

"வரிசையா, நிதானமா போங்க," என்றார் சார், மேலங்கியில் கையை நுழைத்தபடி. வெளியே காவலாளி மைதானக் கதவை ஏற்கெனவே திறந்து பிடித்திருந்தார். தலைமை ஆசிரியை கையில் கடிகாரத்தோடு நின்றார். "செவ்வாய்க்கிழமை ஆட்டுமந்தை மாதிரி ஓடினீங்க. அதான் இன்னிக்கு ஒரு ஒத்திகை. இப்ப பரவாயில்ல!"

ஒத்திகை! பெரியவர்கள் எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. ரூஃபஸுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த மஞ்சள் தாள்தான் சொன்னது.

அப்படியானால் செவ்வாய்க்கிழமை? தில்டாவுக்குச் சுரீரென்றது. அன்று தன் காலில் சிக்கியது என்ன? கறுப்பாக, வளைவாக... ரூஃபஸின் காதுமூடி! அது நாற்காலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அலாரத்தை அடிக்கவைக்கப் போகிறவன் அதை விட்டுவிட்டா போவான்?

மதிய இடைவேளையில் அவள் கூட்டுக்குப் போனாள். ரூஃபஸ் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தான். முழங்காலில் பிளாஸ்திரி.

"இது எப்படி ஆச்சு?"

"செவ்வாய்க்கிழமை விழுந்தேன். காதைப் பொத்திக்கிட்டு ஓடினா கை ஊன முடியாது." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்களுக்கு அது சத்தம். எனக்கு, பல் டாக்டர் தலைக்குள்ள உக்காந்து வேலை பார்க்கிற மாதிரி."

"அந்த மஞ்சத் தாள் எதுக்கு ரூஃபஸ்?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"எல்லாரும் உன்னைத் திட்டறாங்களே! அதைச் சொன்னா நிறுத்திடுவாங்க."

"தெரியும். அம்மா என்னை வேற ஸ்கூல்ல சேர்க்கப் போறாங்க. நாளைக்கு ஆஷ்வொர்த் மிஸ்ஸைப் பார்க்க வராங்க." கயிற்றை இறுக்கினான். "எனக்கு இந்த ஸ்கூல்தான் பிடிக்கும். ஆனா சொன்னது சொன்னதுதான்."

தில்டா அவன் எதிரே உட்கார்ந்தாள். எல்லாம் தான் விளையாட்டாகக் கேட்ட ஒரு கேள்வியால் வந்தது.

"சரி. நான் சொல்றேன், நீ தலைகூட ஆட்ட வேணாம். ஒத்திகை வரப்போகுதுன்னு மிஸ் உனக்கு மட்டும் முன்னாடியே தெரியப்படுத்துறாங்க. அந்தச் சத்தத்துக்கு நீ தயாராகணும்னுதான்."

ரூஃபஸ் தலையை ஆட்டவில்லை. ஆட்டாமல் இருக்க அவன் பட்ட பாட்டில் காது இரண்டும் சிவந்துவிட்டன.

தில்டா எழுந்தாள். இதை எல்லோரிடமும் போய்ச் சொல்லிவிட்டால்? கதவு வரை போனவள் நின்றாள். சொன்னால் நாளையிலிருந்து எல்லோரும் இவன் காதுமூடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் எது ஒத்திகை? மிஸ்ஸால் மஞ்சள் தாளே ஒட்ட முடியாமல் போகும். ரூஃபஸ் இவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாற்றியதை அவள் ஒரு நொடியில் உடைத்துவிடுவாள்.

இல்லை. வேறு வழி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அலாரத்தை உண்மையிலேயே கிளப்பியது யார்?

தாழ்வாரத்தில் நடந்தாள். உடை மாற்றும் அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'உள்ளே வாசனை ஸ்பிரே அடிக்காதீர்கள். தாழ்வாரத்தில் புகை உணரி இருக்கிறது.' கதவிடுக்கிலிருந்து அன்னாசிப்பழ வாசனை வந்தது.

தில்டா தும்மினாள். மறுபடியும் தும்மினாள். மூன்றாவது தும்மலில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

டெக்லன் மதிலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தான். அவனைவிட அதிக ஆர்வத்தோடு ஒரு கடற்காகம் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டெக்லன், செவ்வாய்க்கிழமை..."

"நான் ஒண்ணும் பண்ணல!"

"நான் இன்னும் எதுவுமே கேக்கலையே."

டெக்லனின் வாய் பாதி வறுவலோடு நின்றுவிட்டது.

"அன்னிக்கு என் காதுகிட்ட வந்து பேசினியே, உன்மேல அடிச்ச அன்னாசி வாசனைக்கு நான் மைதானம் முழுக்கத் தும்மினேன். பாதி டப்பாவைக் காலி பண்ணியிருப்பே போல?"

"தெரியாமதான்டி!" அவன் குரல் இறங்கியது. "அடிச்சு முடிக்கல, அலாரம் கத்திடுச்சு. போன தடவையே சார் எச்சரிச்சாரு. தெரிஞ்சா சனிக்கிழமை மேட்ச்ல ஆட விட மாட்டாங்க."

"ஒரு மேட்ச் போகும். ரூஃபஸ் ஸ்கூலை விட்டே போறான், தெரியுமா?"

"என்னது?"

"நாளைக்கு அவங்க அம்மா வராங்க."

கடற்காகம் பாய்ந்து பொட்டலத்தோடு பறந்தது. அதைக்கூட டெக்லன் கவனிக்கவில்லை.

"ஆஷ்வொர்த் மிஸ் ரூமுக்குள்ள வரைக்கும் நீயும் வர்றியா?" என்றான் கடைசியில்.

"வரேன். நானும் ஒண்ணு சொல்லணும். இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான்."

சனிக்கிழமை மேட்சில் டெக்லன் வெளியே உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் காவல் இருந்தான். அவன் அணி ஜெயித்தது. 'நான் இல்லாமயா!' என்று அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அதற்கு முதல் நாளே ரூஃபஸின் அம்மா வந்திருந்தார். தலைமை ஆசிரியையிடம் வெகுநேரம் பேசினார். ரூஃபஸ் எங்கும் போகவில்லை. சாப்பாட்டு அறையில் ஊளை நின்றது. டெக்லன் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் எதிரே உட்கார்ந்தான். "முழங்கால் எப்படி இருக்கு?" என்றான். ரூஃபஸ் மேசைக்கு மேலே காலைத் தூக்கியே காட்டிவிட்டான்.

ஆனால் டெக்லன் தில்டாவை விடவில்லை. "அதெல்லாம் சரி. ஆனா அந்தக் காதுமூடி? எனக்கு இன்னும் என்னமோ இடிக்குது."

"அவன் தினமும்தான் போடறான். நீதான் கவனிக்கல," என்றாள் தில்டா.

அது முழு உண்மை இல்லை. அதனால் அன்று மாலையே கூட்டுக்குப் போய் அதை உண்மையாக்கினாள். "ரூஃபஸ், இனிமே காதுமூடியைக் கண்ட நேரத்துல போடு. கணக்குப் பாடத்துல, சாப்பிடும்போது, சும்மா இருக்கும்போது. எப்ப ஏன் போடறேன்னு யாருக்கும் புரியக் கூடாது."

ரூஃபஸ் யோசித்தான். "கணக்குப் பாடத்துல போடறது எனக்கும் வசதிதான்," என்றான்.

அடுத்த பருவம். மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு காலை. பொலார்ட் மிஸ் உள்ளே வந்து ரூஃபஸின் மேசை ஓரத்தில் எதையோ ஒட்டினார். மஞ்சள்.

ரூஃபஸ் காலையிலிருந்தே காதுமூடியோடுதான் இருந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தில்டா மெதுவாக எழுந்து தன் மழைக்கோட்டை எடுத்து மாட்டி, பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

டெக்லன் கண்ணை இடுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். "நீ ஏன்டி கிளாஸுக்குள்ள கோட்டைப் போடறே?"

"குளிருது," என்றாள் தில்டா.

இரண்டு மேசை தள்ளி, காதுமூடிக்குள் ரூஃபஸ் சிரித்தான்.