பூஸ்ட் மீட்டரின் முள்

சாவி போடாத காரில் மீட்டர் முள் ஏறியது.

பேச்சிமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். பசுமலை அடிவாரத்தில் அவனுடைய தகரக் கொட்டகைக்குள் வெயில் புழுங்கிக்கொண்டிருந்தது. பழைய ஆயிலும் பெட்ரோலும் சூடேறிய ரப்பரும் கலந்த வாடையில், என்ஜின் அணைந்து கிடந்த பரீத்தின் சிவப்புக் காருக்குள், அன்று காலையில்தான் அவன் டேஷ்போர்டில் பதித்த பூஸ்ட் மீட்டரின் முள் மெல்ல எழுந்து, கொஞ்சம் நடுங்கி நின்று, பிறகு படுத்துக்கொண்டது. என்ஜினுக்குள் காற்றை ஊதித் திணிக்கும் டர்போ சுற்றாமல் அழுத்தம் ஏது? குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று கண்ணாடியைச் சுண்டிவிட்டான். மடியிலிருந்த செல்போனில் பரீத் கார் ஓட்டும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஊரே எழுதியிருந்தது, என்னா ஓட்டு தலைவா என்று.

தலைவனாம்! அந்த என்ஜினைக் கழற்றி மாட்டிய கை யாருடையதாம்? பரீத்தின் வாப்பாவுக்கு மாசி வீதியில் ஜவுளிக்கடை; மகன் கேட்டான், கார் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவரில் நன்றாக ஓட்டத் தெரிந்தவன் பேச்சிமுத்துதான். ஆனால் வீடியோவில் வருவது பரீத்தின் முகம். பேச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. சிநேகிதனாவது ஒன்றாவது, பச்சைப் பொறாமை.

மிச்சமிருந்தது ஒரே வேலை. டர்போ அளவுக்கு மீறி ஊதினால் அதைத் தணிக்க ஒரு கதவு திறக்கும். அந்தக் கதவுக்குப் போகும் குழாயை வெட்டி, நடுவில் கட்டைவிரல் பருமனில் பித்தளைத் திருகு ஒன்றை மாட்டினால் கதவு தாமதமாகத் திறக்கும். வண்டி கூடுதலாகப் பாயும். அதற்குத்தான் பூஸ்ட் கன்ட்ரோலர் என்று பெயர். அதிலிருக்கும் அம்புக்குறி கதவைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் கதவு திறக்கவே திறக்காது. என்ஜின் வெடித்தாலும் வெடிக்கும்.

பேச்சிமுத்து திருப்பி மாட்டிவிட்டான். கிரீஸ் அப்பியிருந்ததில் அம்பு தெரியவில்லை, துடைத்தபோதுதான் தெரிந்தது. கிளிப்பைத் தளர்த்தக் கை போனது. அந்த நேரம் பார்த்து வாசலில் பரீத் யாரிடமோ போனில் சிரித்தான்.

"அடுத்த வாரம் கோயம்புத்தூர் ரேஸ் டிராக்ல பாருங்கண்ணே. நம்ம வண்டிதேன் ஃபர்ஸ்ட்டு!"

கிளிப்பை இறுக்கினான் பேச்சிமுத்து. பானெட்டை மூடிக் கையைத் துடைத்துக்கொண்டபோது உள்ளேயிருந்து டர்போவின் மெல்லிய விசில் வந்தது. என்ஜின் ஓடவில்லை.

"வேல முடிஞ்சுச்சா மாப்ள? வா, ஓட்டிப் பார்ப்போம்."

"தலவலிக்குது. நீ போயிட்டு வா."

"மாட்டுனவன்தான மீட்டரு பாக்கணும்? ஏறுடா, ரொம்பப் பண்ணாத."

டி. கல்லுப்பட்டி தாண்டி, இன்னும் திறக்காத புதுச் சாலை ஒன்று கருவேலங்காட்டுக்கு நடுவே ஆளரவமில்லாமல் கிடந்தது. அதுவரை பரீத் வண்டியை மிதிக்கவே இல்லை, மாட்டு வண்டி வேகத்தில்தான் வந்தான். பொழுது சாய்ந்திருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"நீ ஓட்டு மாப்ள."

"நானா?"

"பின்ன? இம்புட்டு வருசமா நீ செய்யுற, நான் எம் மூஞ்சியப் போட்டுக்கிட்டிருக்கேன். இன்னைக்கு உன் வீடியோ, உன் பேரு. கோயம்புத்தூர்லயும் நீதேன் ஓட்டுற. போன்ல பேசுன அண்ணங்கிட்டயும் சொல்லிட்டேன்."

சொல்லிவிடு, அம்பு திரும்பியிருக்கிறது என்று இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அவன் இடம் மாறி உட்கார்ந்தான். மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கொட்டகைக்குப் போய் ரகசியமாக மாற்றிவிடலாம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தான். ஆனாலும் பாருங்கள், அந்த நேரத்திலும் ஒன்று உறுத்தியது: கொடுக்கிற இடத்திலும் அவன்தான் இருக்கிறான், வாங்குகிற இடத்தில் நான்.

முள் ஏறியது. விசில் எழுந்தது. வண்டி தானாகப் பாய்ந்தது.

அவன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். முள் இறங்கவில்லை. காது அடைக்கும் அந்த விசிலும், ஏசி துவாரத்தில் வந்த சுட்ட உலோக வாடையும், இரு பக்கமும் கறுத்துக்கொண்டு பின்னால் ஓடிய கருவேலமும் சேர்ந்து அவனை நெருக்கின. சின்ன வயதில் பரீத் தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி இடியாப்பத்தை எடுத்துக் கொடுத்தது ஏனோ நினைவுக்கு வந்தது. முள் இறங்கியது. வண்டி தணிந்தது. அவனுடைய டிபன் பாக்ஸ் எவர்சில்வர், தன்னுடையது நசுங்கிய அலுமினியம் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஏறியது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. முள்ளுக்குக் குழாய் என்ஜினிலிருந்து வரவில்லை, எரிகிற தன் வயிற்றிலிருந்து வந்தது.

சாலை முடிந்த இடத்தில் டயர் கதற வண்டியைத் திருப்பினான். தூரத்தில் பரீத், நடுரோட்டில், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிரேக்கை மிதித்தான். கல் மாதிரி இருந்தது. பதற்றத்தில் எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடாத தப்பைச் செய்தான், ஓடுகிற வண்டியில் சாவியை உருவினான். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது. ஹெட்லைட் அணையவில்லை. விசில் நிற்கவில்லை.

"தள்ளிப் போடா! பரீத்து! தள்ளிப் போ!"

கண்ணாடிக்கு வெளியே சத்தம் ஒன்றும் போகவில்லை.

நல்லதை நினை. நல்லதை மட்டும் நினை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் கூட இருந்தவன். இறங்கியது. ரத்தம் கொடுத்தவன். இன்னும் இறங்கியது. இன்னும். வண்டி தணிந்தது. நின்றுவிடும். இதோ, நின்றுவிடும்.

"பின்னுறடா மாப்ள!" என்று பரீத் கத்தியது உதட்டசைவில் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு. கள்ளமில்லாத சிரிப்பு. பேச்சிமுத்துவுக்கு ஒருநாளும் வாய்க்காத சிரிப்பு.

இப்படிச் சிரிக்க எப்படிடா உன்னால முடியுது?

முள் துள்ளி எழுந்தது.

வெளிச்சத்துக்கு நடுவில் பரீத் ஓர் அடிகூட நகராமல், சிநேகிதனின் முகம் வீடியோவில் நன்றாக விழ வேண்டுமென்று செல்போனைக் கொஞ்சம் தாழ்த்தி, குனிந்து, சிரித்துக்கொண்டே நின்றான்.