இரண்டே இரண்டு ஒயர்

ரேணுகாதேவிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வராமல் என்ன செய்யும்?

ஆறாம் வகுப்புக்கு இருந்ததே ஒரு பழைய லேப்டாப். வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து பேர் அதில் படம் வரையலாம். ஐந்து வாரம் பொறுத்திருந்தாள். நாளைக்கு அவள் முறை. இன்றைக்குப் பார்த்து, கூடப் படிக்கும் முத்துவேல் ஒயரில் கால் தடுக்கி விழுந்தான். லேப்டாப்பில் செருகும் சார்ஜர் முனை ஒடிந்தே போனது.

"இந்த மாடல் சார்ஜர் இப்போ வர்றதே இல்லம்மா. லேப்டாப்பை மூட்டை கட்டி வெக்க வேண்டியதுதான்" என்றார் வேணுகோபால் சார்.

"முனை ஒடிஞ்சதுக்கு முழு லேப்டாப்பையுமா சார்? குடுங்க, நான் கடையில கேட்டுகினு வரேன்!"

ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குமரேசன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சார்ஜரைப் பார்த்தார். மூலையில் இருந்த சாக்குக்குள் விட்டெறிந்தார்.

"இன்னாண்ணா, தூக்கிப் போட்டுட்டீங்க?"

"முனை போனா சார்ஜர் போச்சு பாப்பா. நாளைக்குக் காயலான் கடைக்காரர் வந்து எடுத்துகினு போவாரு. கொளுத்திட்டு, உள்ள இருக்கிற செம்பை எடுப்பாங்க."

"ஓகோ! எங்க தெருவுல நாறுற புகை இதுதானா? அதனாலதான் எங்கம்மா ராப்பகலா இருமிகினு இருக்காங்க!"

அவ்வளவுதான். சாக்கைத் தலைகீழாகக் கொட்டிவிட்டாள். கடை முழுக்க சார்ஜர்கள்.

"அய்யய்யோ, பேஜார் பண்ணாத பாப்பா!"

ரேணு காதில் வாங்கவே இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, மேலே ஒட்டியிருந்த எண்களைப் படித்தாள். கடைசியில் அதே கம்பெனி, அதே எண்கள் உள்ள ஒன்று கிடைத்தது. ஒயருக்கு நடுவே இருக்கும் அதன் கறுப்புப் பெட்டி உடைந்திருந்தது. முனை புத்தம் புதிதாக இருந்தது.

"பாருங்கண்ணா, எங்களுதுல பெட்டி நல்லாயிருக்கு. இதுல முனை நல்லாயிருக்கு. சேர்த்துடலாம்ல?"

"ரெண்டு ஒயரையும் வெட்டி ஒட்டணும். அரை மணி நேரம் யாரு நோண்டிகினு உக்காருறது?"

ரேணு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா சேலை நெய்யற தறியில பாவு நூல் முடிஞ்சா தூக்கியா போடறாங்க? பழைய பாவு நுனியில புதுப் பாவை இழை இழையாப் பிணைக்கறாங்க. நாலாயிரம் இழை! இதுல எத்தினி ஒயர் இருக்கு?"

குமரேசன் தலையைச் சொறிந்தார். "ரெண்டு."

"ரெண்டா!"

அவள் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். குமரேசன் சால்டரிங் கம்பியைச் சூடாக்கினார்.

"சுடும், தள்ளி நில்லு" என்றார். ஒயர்களைச் சேர்த்துப் பற்றவைத்து, டேப் சுற்றி, மீட்டர் வைத்துச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. பார்த்தால், அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"மிச்ச சார்ஜரு?" என்றாள் ரேணு, கிளம்பும்போது.

"அதையும் ஒவ்வொன்னாப் பார்க்கறேன். காயலான் கடைக்காரரை வர வேணாம்னு சொல்லிடறேன் தாயே, நீ கிளம்பு!"

மறுநாள் லேப்டாப் கண் விழித்தது. ரேணு ஒரு சேலை வரைந்தாள். கரை முழுக்க ஆட்டுக்குட்டிகள்.

"நேரம் முடிஞ்சுதும்மா" என்றார் சார்.

"சார், கடைசி ஆட்டுக்கு இன்னும் வால் வெக்கல!"

"சரி, ஜல்தி வெய்யி. அடுத்து முத்துவேல்."

முத்துவேல் தூரத்திலேயே நின்றான். ஒயரையும் ரேணுவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கிட்டே வரவே அவனுக்குப் பயமாக இருந்தது.

ரேணு வாலை வரைந்து முடித்தாள். எழுந்து, ஒயரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"குனிஞ்சு வாடா" என்றாள்.