நூற்று நாற்பத்து இரண்டாவது சுற்று

ப்ரூக்லின் படகுத்துறையில் இறங்கி, பனிச்சேற்றில் கால்சட்டை நனையாமல் நடக்கப் பார்த்துத் தோற்று, ஓத்மார் க்ரெல் பென்ஃபீல்டின் வீட்டுக் கதவைத் தட்டியபோது காலை பதினொரு மணி. முகத்தை வழியிலேயே சுளித்து வைத்துக்கொண்டார். துக்கம் விசாரிக்க வந்தவர் முகமல்ல அது, மீன் கடையைத் தாண்டிப் போகிறவர் முகம்.

நியூயார்க்கின் பெரிய இசைக்குழு ஒன்றைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்துகிறவர் க்ரெல். ஜெர்மனியில் பிறந்தவர், அதற்கு மேல் ஒரு தகுதியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. இந்த நாட்டு ஆட்களுக்குக் கப்பல் கட்டத் தெரியும், பன்றி வளர்க்கத் தெரியும், இசை எழுதத் தெரியாது என்பது அவர் கொள்கை. செத்துப்போன ஏசா பென்ஃபீல்ட் அந்தக் கொள்கைக்கு ஒத்துழைக்காத மனிதர். இந்த மண்ணில் பிறந்தவன் ஓபரா எழுதலாம் என்று யாரும் கனவிலும் நினைக்காத காலத்தில் இரண்டு எழுதினார். நான்கு சிம்பொனிகள் எழுதினார். வயிற்றுப்பாட்டுக்காக க்ரெலின் குழுவிலேயே பின்வரிசையில் நின்று செம்பு முரசு அடித்தார்.

அந்தச் சிம்பொனிகளின் அட்டையில் க்ரெல் சிவப்பு மையில் எழுதும் வரி ஒன்றுதான்: 'ஒத்திகைக்கு மட்டும்.' ஒரு பிற்பகல் ஒப்புக்கு வாசித்துப் பார்த்து அலமாரியில் போட்டுவிடுவார்கள். உள்ளூர்க்காரனுக்கு அது போதும் என்று குழுவிலும் எல்லோருக்கும் அபிப்பிராயம்.

கதவைத் திறந்தவள் பென்ஃபீல்டின் மனைவி மெஹிட்டபெல்.

"வாங்க க்ரெல் சார். காலை நல்லா தொடச்சிட்டு வாங்க."

உள்ளே இருட்டாக இருந்தது. ஜன்னல் திரைகளை இன்னும் திறக்கவில்லை. கற்பூரத் தைலமும், முரசுக்கு இழுத்துக் கட்டும் கன்றுத்தோல் நனைந்த வாடையும் கலந்து அடித்தது. அவள் தடித்த இசைத்தாள் கட்டு ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"கடைசி சிம்பொனி. அஞ்சாவது. யாரும் பாக்கல. உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

"பாக்கறேம்மா. ஒத்திகையில ஒரு தடவை வாசிச்சுப் பாக்கலாம்."

"ஒரு தடவைதான் வாசிப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

க்ரெல் பேச்சை மாற்றினார். "கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"எண்ணிக்கிட்டே இருந்தாரு."

முரசுக்காரனுக்குப் பாதி வேலை எண்ணுவதுதான். மற்றவர்கள் வாசிக்கும்போது அவன் சும்மா நின்று தாளச் சுற்றுகளை எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு. மூன்று, இரண்டு, மூன்று, நான்கு. தலை எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பென்ஃபீல்ட் முணுமுணுத்து எண்ணுவார். அதைக் குழுவின் முன்னால் க்ரெல் கேலி செய்யாத வாரமே கிடையாது.

"மூணாவது பகுதியில முரசுக்கு நூத்தி எண்பத்தி மூணு சுற்று ஓய்வு," என்றாள் அவள். "அதுக்கு அடுத்த சுற்றுல ஒரே ஒரு அடி. அதைத்தான் படுக்கையில எண்ணினாரு. நூத்தி நாப்பத்தி ஒண்ணு வரைக்கும் வந்துட்டாரு. மூச்சு நின்னுடுச்சு."

க்ரெல் அடுத்த படகுக்கு நேரமாகிறது என்றார்.

நேரமானது படகுக்கு அல்ல, அவருக்குத்தான். மார்ச் மாதம் தன் சொந்தச் சிம்பொனியை அரங்கேற்றுவதாகக் குழுவிடம் சொல்லியிருந்தார். மூன்று பகுதிகளை எப்படியோ ஒப்பேற்றிவிட்டார். நடுவே மெதுவாக நடந்து வர வேண்டிய மெல்லிசைப் பகுதி மட்டும் வரவே மாட்டேன் என்றது. அது வராவிட்டால், பதினெட்டு ஆண்டுகளாக ஊரை மட்டம் தட்டிய மனிதரிடம் சொந்தச் சரக்கு இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

புதன்கிழமை காலை, நாலு வார்த்தை நக்கலாகச் சொல்ல ஏதாவது அகப்படும் என்று பென்ஃபீல்டின் கட்டைப் பிரித்தார். மூன்றாம் பகுதிக்கு வந்ததும் நக்கல் மறந்துபோயிற்று. அவ்வளவு அழகாக இருந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கே அதைத் தன் கையெழுத்தில் பிரதி எடுக்க உட்கார்ந்துவிட்டார்.

பாதிக்கு மேல் போனபோது அறையில் கற்பூரத் தைலம் மணத்தது.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. தெருவில் குதிரைவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பேனாவை மையில் தொட்டு எழுதிய சுற்று எத்தனையாவது என்று ஏனோ எண்ணிப் பார்த்தார்.

நூற்று நாற்பத்தொன்று.

பின்கழுத்தில் யாரோ மூச்சை இழுத்ததுபோல் இருந்தது. இழுத்த மூச்சு வெளியே வரவில்லை.

எழுதி முடித்தார். ஒரே ஒரு திருத்தம் செய்தார். மெல்லிசையில் முரசடியா, முரசுக்காரன் புத்தி எங்கே போகும் என்று அந்த ஒற்றை அடியை விட்டுவிட்டு, முரசுக்கான தாளில் 'இப்பகுதி முழுதும் மௌனம்' என்று எழுதினார். பென்ஃபீல்டின் இசைத்தாள்களை அடுப்பில் போட்டார். நன்றாக எரிந்தது.

மார்ச் அரங்கேற்றத்துக்கு முந்தைய பொது ஒத்திகை பிற்பகல் மூன்று மணிக்கு. அரங்கில் பாதிக் கூட்டம். மூன்றாவது வரிசையில் மெஹிட்டபெல் கறுப்புடையில் உட்கார்ந்திருந்தாள். க்ரெல் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். வாசிக்கப்படாத இசையை இவள் எங்கே கேட்டிருக்கப்போகிறாள் என்ற தைரியம்.

மெல்லிசைப் பகுதி தொடங்கியது. புது முரசுக்காரர் ஹூபர் தமக்கு வேலை இல்லை என்று முரசுக்குத் தோலுறை போட்டு வாரை இறுக்கிவிட்டு, பின்கதவோரம் போய்க் கைகட்டி நின்றார். இசை இதமாக ஏறியது. முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். க்ரெலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதையெல்லாம் தானே எழுதியதாக அவரே கிட்டத்தட்ட நம்பிவிட்டார்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அது கேட்டது.

"நூத்தி நாப்பத்தி ரெண்டு... ரெண்டு... மூணு... நாலு."

கிசுகிசுப்பு. வறண்ட உதடு ஒட்டிப் பிரியும் சத்தம்.

"நூத்தி நாப்பத்தி மூணு... ரெண்டு... மூணு... நாலு."

வயலின்காரர்கள் வில்லை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தார்கள். முரசுக்குப் பின்னால் யாரும் இல்லை. செல்லோ வாசித்துக்கொண்டிருந்த கிழவர் வென்ட்லரின் முகம் வெளுத்துவிட்டது.

"மாஸ்டர்," என்றார் மெதுவாக. "இது பென்ஃபீல்ட் குரல்."

"வாசிய்யா நீ."

நூற்று அறுபது. நூற்று எழுபது. எதற்காக எண்ணுகிறது, எங்கே போய் நிற்கும் என்பது அந்த அரங்கில் இரண்டே பேருக்குத் தெரியும்.

நூற்று எண்பதில் க்ரெல் தாளம் காட்டும் கோலைக் கீழே போட்டார். இசை அப்படியே நின்றுவிட்டது.

எண்ணிக்கை நிற்கவில்லை.

"நூத்தி எண்பத்தி ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு."

கற்பூர வாடை மேடை முழுதும் பரவியது.

"நூத்தி எண்பத்தி ரெண்டு..."

ஹூபர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"நூத்தி எண்பத்தி மூணு... ரெண்டு... மூணு... நாலு."

உறை போட்டு இறுக்கிய முரசு, ஒரே ஒரு முறை, முழங்கியது.

தோலுறையிலிருந்து தூசி எழுந்து மெல்ல அடங்கியது. மெஹிட்டபெல் எழுந்து நின்றாள்.

"அவரு சரியான இடத்துலதான் அடிச்சாரு, க்ரெல் சார். நிறுத்தினது நீங்கதான்."

வென்ட்லர் செல்லோவைக் கீழே சாய்த்தார். "மாஸ்டர், இது யார் எழுதினது?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் க்ரெலுக்கு இனி வாய்க்காது. "நான்தான்," என்றார் அவர். "என்னோடதுதான், முதல்லேருந்து கடைசி வரைக்கும்."

உடனே, அவருடைய இடது காதுக்குள், மிக அருகில்:

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு."

இந்த முறை அது மற்ற யாருக்கும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள், சவரம் செய்யாத முகத்துடன் க்ரெல் மறுபடியும் ப்ரூக்லினுக்கு வந்தார். தூங்கிப் பல நாளாகியிருந்தது. சூப்பைக் குடித்தாலும் படகில் ஏறினாலும் அது விடாமல் எண்ணியது. அன்று காலை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. மெஹிட்டபெல் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"எத்தனையாவது சுற்றுல அடி விழும்? அதை மட்டும் சொல்லும்மா. உன் காலில விழறேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதினதுதானே. முதல்லேருந்து கடைசி வரைக்கும்."

கதவு சாத்தப்பட்டது. க்ரெல் படியில் நின்று, தன் காதுக்குள் அடுத்த எண் விழுவதைக் கேட்டார்.