கொக்கு இறகில் ஓர் ஈசல்

“இன்னிக்கும் நீ மீன் பிடிக்கலன்னா, நாளையிலருந்து ஏரிக்கு வரக்கூடாது” என்று சொல்லிவிட்டான் புகழேந்தி.

மதிவதனிக்கு முகம் சுண்டிப்போனது. பள்ளி விட்டதும் அண்ணனோடு வேங்கிக்கால் ஏரிக்கு ஓடுவதற்காகத்தான் அவள் மதியத்திலிருந்தே காத்திருப்பாள். இன்றுகூட அம்மா வாசலில் நின்று ஏதோ கத்திச் சொன்னதைக் காதில் வாங்காமல் ஓடிவந்திருந்தார்கள்.

“நான் என்னண்ணா பண்ணேன்?”

“தீனிக்குப் புழு கொண்டாந்தா, ஒவ்வொண்ணையா சேத்துல விட்டு வழியனுப்பி வைக்கிற!”

“அது நெளியுதுண்ணா. முள்ளுல குத்த கை வரல.”

“மீன் குழம்பு மட்டும் ஜாஸ்தி கேப்ப.”

மதிவதனி தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள்.

முந்தின நாள் நல்ல மழை. கரைப் புற்றிலிருந்து ஈசல்கள் புகைபோலக் கிளம்பின. சில தண்ணீரில் விழுந்து படபடத்தன. ‘ப்ளக்!’ ஒரு கெண்டை துள்ளி வந்து ஒன்றை விழுங்கியது. சற்றுத் தள்ளி இன்னொரு ‘ப்ளக்!’

தண்ணீரில் மிதந்த அண்ணனின் தக்கையோ அசையவே இல்லை.

‘கீழே தொங்கும் புழுவை எதுவும் சீண்டவில்லை. எல்லா மீனும் மேலேதான் பார்க்கிறது’ என்று நினைத்தாள் மதிவதனி.

ஓர் ஈசலைப் பிடித்தாள். இறக்கை மட்டும் கையோடு வந்தது. ஈசல் காலருகே ஊர்ந்து தப்பித்தது.

அப்போதுதான் சேற்றோரம் கிடந்த கொக்கு இறகு கண்ணில் பட்டது. அதில் ஓர் ஈசல் அளவுக்குக் கிள்ளினாள். பாவாடை ஓரத்து நூலை உருவி, இறகைத் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டினாள். இறகு மூழ்காமல் மேலேயே மிதக்கட்டும் என்று தக்கையையும் ஈயக்குண்டையும் கழற்றிவிட்டாள்.

புகழேந்தி சிரித்தான். “கொக்கு இறகா? மீனெல்லாம் பயந்து கீழ்பென்னாத்தூருக்கே ஓடிடும்!”

மதிவதனி வீசினாள். முள் அண்ணனின் சட்டைக் காலரில் மாட்டியது.

“ஐயோ, பெரிய மீனா மாட்டிக்கிச்சு” என்றாள்.

“முதல்ல எடுடி!”

அடுத்த வீச்சைக் காற்று கரைக்கே திருப்பித் தந்தது. பிறகு அவள் பலமாக வீசவில்லை. கழியை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய், முன்னால் விட்டாள். இறகு நிஜ ஈசல்போலவே தண்ணீரில் வந்து உட்கார்ந்தது. கழி நுனியை லேசாக ஆட்டினாள்.

‘ப்ளக்!’

கழி வளைந்தது. “அண்ணா!” அவள் கத்திய கத்தலில் கரையிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. உள்ளங்கை நீளக் கெண்டை ஒன்று வெள்ளியாய்த் துள்ளியது.

“அடிப்பாவி! குழம்புக்கு ஆச்சு!” என்று குதித்த புகழேந்தி, அப்படியே நின்றுவிட்டான். கிழக்கே வட்டமாக, பெரிதாக நிலா எழுந்துகொண்டிருந்தது.

“ஐயையோ, இன்னிக்குப் பௌர்ணமி! வீடு கழுவியாச்சு, மலை சுத்தப் போவணும். அம்மா மீனை வாசப்படி தாண்ட விடமாட்டாங்க. டப்பாவுல போட்டு நாளைக்கு வரைக்கும் வெச்சிக்கலாமா?”

மதிவதனி மீனைப் பார்த்தாள். அது வாயைத் திறந்து திறந்து மூடியது.

“நான் பிடிச்சத நீ பாத்துட்ட இல்லண்ணா? அது போதும்.” முள்ளைப் பதமாகக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்தாள். அது ஒரு முறை வாலை ஆட்டிவிட்டு, விருட்டென்று மறைந்தது.

இருவரும் வீட்டுக்கு ஓடினார்கள். புகழேந்தி தெரு முனையில் மெல்ல ஆரம்பித்தான்.

“மதி, நாளைக்கு எனக்கும் ஒரு இறகு கட்டித் தரியா?”

“நாளைக்கு நான் வரலாமா?”

“நீ வரலன்னா யாரு கட்டுறது?”

“அப்பச் சரி” என்றாள் மதிவதனி. “இறகு நீதான் பொறுக்கணும்.”